ஒரே வீட்டோடு நிற்கும் பெயர்கள்

வில்லியனூர் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். மகனுக்கு ஜப்பானில், நாகோயாவில் வேலை. அங்கே உடன் வேலை செய்பவரின் குடும்பப் பெயர், நாடு முழுக்கத் தேடினாலும் விரல்விட்டு எண்ணும் அளவு வீடுகளில்தான் உண்டாம். "ஒரு பெயர் எப்படி இவ்வளவு அபூர்வமாகிறது? நம்மவர்களிடம் இப்படி ஏதாவது இருக்கிறதா?" என்பது அவர் கேள்வி.

வேறு ஊர்க்காரர் கேட்டிருந்தால், தமிழனுக்கு இருப்பது இனிஷியல், குடும்பப் பெயர் ஏது என்று சொல்லி முடித்திருப்பேன். புதுச்சேரிக்காரரிடம் அப்படித் தப்பிக்க முடியாது. ஒரே ஒரு மனிதரிடம் தொடங்கி, எந்தச் சட்டத்தால் தொடங்கியது என்பது வரைக்கும் சொல்லக்கூடிய குடும்பப் பெயர்கள் அவர் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடும் தூரத்தில் இருக்கின்றன.

முதலில் ஜப்பானைப் பார்த்துவிடுவோம். மெய்ஜி காலத்துக்கு முன்பு அங்கே குடும்பப் பெயரை வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ளும் உரிமை சாமுராய்கள் போன்ற சிலருக்குத்தான் இருந்தது. 1870இல் பாமரரும் வைத்துக்கொள்ளலாம் என்று அரசு சொன்னது. இதில் ஏதோ வரி ஒளிந்திருக்கிறது என்று சனங்கள் ஒதுங்கி நின்றார்கள். 1875 பிப்ரவரி 13இல் கட்டாயம் என்று உத்தரவு வந்தது. வரி வாங்கவும் படைக்கு ஆள் எடுக்கவும் பதிவேடு வேண்டுமே. ஊருக்குள் ஏற்கெனவே வழங்கிய பெயரைப் பலர் பதிந்தார்கள். மற்றவர்கள் பக்கத்து வயல், மலை, ஆறு என்று கண்ணில் பட்டதை எழுதினார்கள். எல்லா ஊரிலும் வயல் இருப்பதால் வயல் பெயர்கள் பெருகின. ஏதோ ஒரு மலைமடிப்புக்கு மட்டுமே உள்ள பெயரை எடுத்தவர்களின் பெயர் அங்கிருந்த சில வீடுகளோடு நின்றது. எழுத்தர் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டதால் பிறந்த பெயர்களும் உண்டு.

தாய்லாந்தில் இதே வேலை 1913இல் நடந்தது. அங்கே ஒரு குடும்பத்தின் பெயரை இன்னொரு குடும்பம் வைக்கக் கூடாது என்பது விதி. ஆறாம் ராமா மன்னரே 6,000க்கும் மேற்பட்ட பெயர்களைச் சூட்டினார். துருக்கியில் 1934இல் சட்டம் போட்டார்கள். குடும்பப் பெயர் என்றால் ஆதிகாலத்திலிருந்து ரத்தத்தோடு வருவது என்று நினைக்கிறோம். பல நாடுகளில் அதன் பிறந்த தேதி அரசிதழில் இருக்கிறது.

புதுச்சேரியில் அந்தத் தேதி 1881 செப்டம்பர் 21.

அதற்கு முன்பிருந்த நிலையைச் சொல்லவேண்டும். 1819 ஜனவரி 6இல் பிரெஞ்சு நிர்வாகம் ஓர் ஆணை போட்டது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் யாராக இருந்தாலும் இந்தியரின் வழக்குகள் அவரவர் சாதி வழக்கப்படியே தீர்க்கப்படும் என்றது அது. கேட்கப் பெருந்தன்மையாக இருக்கும். கல்யாணம், சொத்து, தத்து எல்லாம் சாதிக்குள் கட்டுண்டு கிடந்தன என்பதும், சாதியில் கீழே வைக்கப்பட்டவர் பிரெஞ்சு நீதிமன்றத்துக்குப் போனாலும் அங்கேயும் சாதியே உட்கார்ந்திருந்தது என்பதும் அதன் மறுபக்கம்.

1873இல் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியச் சப்பாத்து அணிந்து நீதிமன்றத்துக்குப் போனார். இந்தியன் இதைப் போட்டுக்கொண்டு உள்ளே வரக் கூடாது என்று நீதிபதி தடுத்துவிட்டார். அவர் சப்பாத்தைக் கழற்றவில்லை. வழக்கைப் பாரீசு உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார். அங்கே அவருக்காக வாதாடியவர் ஜூல் கொதேன்; பின்னாளில் பிரெஞ்சிந்தியாவின் பிரதிநிதியாகப் பாரீசு நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தவர். வழக்கு ஜெயித்தது. பொன்னுத்தம்பி அதோடு நிற்காமல், பிரெஞ்சுக் குடிமகனுக்குரிய சட்டம் முழுவதும் எங்களுக்கும் வேண்டும் என்று கேட்பவர்களின் தலைவரானார்.

அந்தக் கோரிக்கைக்குக் கிடைத்த பதில்தான் 1881 ஆணை. 21 வயது நிறைந்தவர், ஆணோ பெண்ணோ, எந்தச் சாதி எந்த மதமானாலும், தன் குல வழக்கச் சட்டத்தைத் துறப்பதாக அதிகாரி முன் எழுதிக் கொடுக்கலாம். துறந்தவருக்கும் அவர் மனைவிக்கும் வயதுக்கு வராத பிள்ளைகளுக்கும் அன்று முதல் பிரெஞ்சு உரிமையியல் சட்டம். சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. இரண்டாம் தாரம் கட்ட முடியாது. ஒருமுறை துறந்தால் துறந்ததுதான், திரும்பி வர வழியில்லை. இவர்களை ரெனோன்சான்கள், அதாவது துறந்தவர்கள், என்றார்கள்.

துறப்பவர் தனக்கும் தன் சந்ததிக்கும் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்து பதியவேண்டும் என்பதும் நிபந்தனை. பிரெஞ்சுப் பதிவேட்டில் நோம் (குடும்பப் பெயர்), ப்ரெநோம் (சொந்தப் பெயர்) என்று இரண்டு கட்டம். சாமியப்பன் மகன் முனுசாமி என்றால் எழுத்தருக்குப் பேனா ஓடாது. பொன்னுத்தம்பி பிள்ளை தன் பட்டத்தை விட்டுவிட்டு எழுதிய நோம் லாபோர்த். கதவு என்று பொருள். பின்னால் வருபவர்களுக்காகத் திறந்தது என்பார்கள். மற்றவர்களில் சிலர் பிரெஞ்சுக்காரர் பெயர் போல ஒன்றை எடுத்தார்கள். சிலர் புனிதர் பெயரை எடுத்தார்கள். சிலர் அப்பா பெயரையே பிரெஞ்சு எழுத்தில் நிறுத்தி, இனி இதுதான் எங்கள் வீட்டுப் பெயர் என்றார்கள்.

பதிவானவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்களும் தலித்துகளும். உயர்சாதி இந்துக்களின் தலைவராக இருந்த சண்முக வேலாயுத முதலியார் கடைசி வரை இதை எதிர்த்தார். 1884இல் வாக்காளர் பட்டியலே ஐரோப்பியர், ரெனோன்சான்கள், மற்ற இந்தியர் என்று மூன்றாகப் பிரிந்தது. பிறகு நடந்த தேர்தல் தில்லுமுல்லுகளை இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. எனக்குப் பிடித்த விஷயம் வேறு.

பொன்னுத்தம்பி சப்பாத்தோடு நின்ற அதே 1873இல், லண்டனில் பிரான்சிஸ் கால்டன் என்ற அறிஞர் ஒரு பத்திரிகையில் கணக்குப் புதிர் ஒன்று போட்டார். பெரிய குடும்பங்களின் பெயர்கள் ஏன் மறைந்துபோகின்றன என்பது அவர் கவலை. ஒவ்வோர் ஆணுக்கும் தனித்தனிக் குடும்பப் பெயர் உள்ள ஒரு சனக்கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தலைமுறைகள் போகப்போக எத்தனை பெயர் மிஞ்சும்? ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் கணக்குப் போட்டார். 1874இல் இருவரும் சேர்ந்து வெளியிட்டார்கள். எல்லாப் பெயரும் ஒருநாள் அழியும் என்று முடித்தார் வாட்சன். சராசரியாக ஓர் ஆணுக்கு ஒன்றுக்கு மேல் மகன்கள் இருந்தால் சில பெயர்கள் பிழைத்துக்கொள்ளும் என்று பிறகு வந்தவர்கள் திருத்தினார்கள்.

கால்டன் கற்பனையில் வைத்த கூட்டம் எட்டு வருடம் கழித்துப் புதுச்சேரியில் கிட்டத்தட்ட நிஜமானது. ஒவ்வொரு ரெனோன்சானும் ஒரு பெயர். ஒவ்வொரு பெயருக்கும் தொடக்கத்தில் ஒரே வீடு.

நூறு பெயர்களை வைத்து நாமே போட்டுப் பார்க்கலாம். நூற்றில் 25 பேருக்கு மகன் இல்லை, 50 பேருக்கு ஒரு மகன், 25 பேருக்கு இரண்டு மகன்கள் என்று வைத்துக்கொள்வோம். சராசரி சரியாக ஒன்று. சனத்தொகை கூடவுமில்லை, குறையவுமில்லை. முதல் தலைமுறை முடிவில் 75 பெயர்கள் மிஞ்சும். அடுத்து 61. அதற்கடுத்து 52, பிறகு 45. ஐந்தாம் தலைமுறையில் 40. ஆள் எண்ணிக்கை அப்படியே இருக்க, பாதிக்கு மேற்பட்ட பெயர்கள் காணாமல் போய்விட்டன. மிஞ்சியவற்றில் சில பெருத்துவிட்டன. 1881இலிருந்து இன்றைக்கு ஐந்து தலைமுறை ஆகிறது. அந்தக் காலத்து வீடுகளில் பிள்ளைகள் அதிகம் என்பதால் உண்மைக் கணக்கு இதைவிட நல்லபடியாகவே இருக்கும். ஆனால் போக்கு இதுதான்.

எங்கள் அம்மா உறைமோரைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றுவார். நேற்றைய தயிரில் ஒரு கரண்டி இன்றைய பாலுக்கு, இன்றையதில் ஒரு கரண்டி நாளைக்கு. வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனால் அந்தத் தொடர் அறுந்தது. திரும்பி வந்து பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள்வார்; பால் உறையும், ஆனால் அது அவர்கள் வீட்டு உறை. குடும்பப் பெயரும் இப்படி ஆள்மாற்றி ஆள் நீளும் ஒரு கரண்டி சமாசாரம்தான். பக்கத்து வீட்டில் கடன் வாங்க முடியாது என்பதுதான் வித்தியாசம்.

ஜப்பானில் இன்னொரு நெருக்கடி. கணவனும் மனைவியும் ஒரே குடும்பப் பெயரில்தான் இருக்கவேண்டும் என்கிறது அந்நாட்டுச் சட்டம். ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒரு பெயர் போகிறது. இப்படியே போனால் 2531இல் எல்லா ஜப்பானியரும் 'சாத்தோ'வாக இருப்பார்கள் என்று தொஹோகு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹிரோஷி யோஷிதா 2024இல் கணக்குப் போட்டுக் காட்டினார். சட்டத்தை மாற்றுங்கள் என்பதற்கான வாதம் அது. பிரான்ஸ் 2005இலிருந்து பிள்ளைக்குத் தாயின் பெயரையும் வைக்கலாம் என்று விட்டுக்கொடுத்தது. நம் இனிஷியல் முறையில் இந்தத் தொல்லையே இல்லை: பெயர் ஒரு தலைமுறை முழுதாக நிற்கும், அடுத்த தலைமுறையில் ஓரெழுத்தாகச் சுருங்கும், பிறகு போய்விடும். அழிய அங்கே எதுவும் சேர்வதில்லை.

கடல் கடந்து போன தமிழரின் பெயர் எதிர்த்திசையில் நடந்தது. 1853இல் 'ஒரேலி' என்ற கப்பல் கூலியாட்களை மர்த்தினீக்குத் தீவில் இறக்கியது. அடுத்த ஆண்டு அதே கப்பல் குவாதலூப்புக்கும் போனது. ரெயூனியோனுக்கும் ஆட்கள் போனார்கள். போனவரின் ஒற்றைப் பெயரே அங்கே சந்ததிக்கெல்லாம் நோம் ஆகிவிட்டது. முத்துசாமியும் வீரப்பிள்ளையும் இன்று அந்தத் தீவுகளில் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் குடும்பப் பெயர்கள். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் ஒரு ராமசாமி பல ராமசாமிகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தனிக் குடும்பம் போலத் தெரியும். குவாதலூப்பில் 1863இல் பிறந்த ஆன்றி சிதம்பரம், இந்திய வம்சாவளியினரை வாக்காளர் பட்டியலில் சேர்க்கவேண்டும் என்று 1904இல் வழக்குத் தொடங்கி 1923 வரை நடத்தினார். நடராசர் ஊரின் பெயர் ஒரு கரீபியன் தீவின் குடியுரிமை வரலாற்றில் இப்படி உட்கார்ந்திருக்கிறது.

புதுச்சேரியில் ரெனோன்சான்கள் பழங்கதை ஆகிவிடவில்லை. 1962 ஆகஸ்டு 16இல் பிரெஞ்சிந்தியப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவுக்கு வந்தபிறகு, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்கள் ஒரு பக்கம். இந்தியக் குடிமக்களாகவே இருந்த ரெனோன்சான்கள் இன்னொரு பக்கம். இந்து திருமணச் சட்டத்திலேயே, புதுச்சேரி ரெனோன்சான்களுக்கு இது பொருந்தாது என்று ஒரு பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். 1881இல் ஒரு பாட்டன் போட்ட கையெழுத்து இன்றைய பாகப்பிரிவினை வழக்கிலும் பேசுகிறது.

இவ்வளவு கனம் உள்ள பெயர்களை நாம் நடத்தும் விதம் எனக்கு வருத்தம் தருகிறது. கறுப்பு முகத்துக்கு வெள்ளைக்காரன் பெயர் என்று டீக்கடையில் கிண்டல் செய்பவர்களைக் கேட்டிருக்கிறேன். முதலியார், பிள்ளை என்ற வால்கள் ஊருக்கே அதிகாரமாக இருந்த காலத்தில், எந்தச் சாதியையும் காட்டாத ஒரு பெயரைத் தேடியவனின் தைரியம் அவர்களுக்குப் புரியவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகளிடமும் ஒரு குறை உண்டு. துறப்புப் பத்திரத்தைப் பாஸ்போர்ட் தேவைப்படும்போது தேடுகிறார்கள். காரியம் முடிந்ததும் பரணில் எறிகிறார்கள். பாட்டன் துறப்பதற்கு முன் என்ன பெயரில் இருந்தார் என்று கேட்டால் பல வீடுகளில் பதில் இல்லை.

புதுச்சேரிக் கடற்கரையில் இருந்த மேரி எனும் பிரெஞ்சுக் கால நகரமன்றக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததை ஊரே பார்த்தது. நூற்றைம்பது வருடப் பழமையைப் பராமரிக்காமல் விட்ட பலன். அதைப் பழைய அச்சிலேயே கட்டி 2021இல் திறந்துவிட்டோம். கட்டடத்துக்குப் படம் இருந்தது, அளவு இருந்தது. வீட்டு அலமாரியில் கரையான் தின்னும் காகிதத்துக்கு அப்படி எதுவும் கிடையாது.

கொஞ்சம் நல்ல செய்தியும் உண்டு. பிரெஞ்சிந்தியப் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகளின் பழைய தொகுதிகள் பிரான்சின் ஏக்ஸ் நகரத்துக் கடல்கடந்த ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றில் பலவற்றை இணையத்திலேயே பக்கம் பக்கமாகப் புரட்டலாம். அந்தப் பதிவேட்டு எழுத்தரின் கையெழுத்துப் பழகக் கொஞ்ச நாள் ஆகும், அவ்வளவுதான்.

வில்லியனூர் வாசகருக்கு: உங்கள் மகனின் நண்பருடைய பெயர் அபூர்வமானது பெரும்பாலும் இரண்டு காரணத்தால்தான் இருக்கும். தொடங்கியபோதே சில வீடுகளில் தொடங்கியது. அல்லது பல வீடுகளில் தொடங்கி மகன்கள் இல்லாமல் சுருங்கியது. அவர் ஊர்ப் பதிவேடு எது என்று சொல்லிவிடும். உங்கள் தெருவில் ரெனோன்சான் குடும்பம் இருந்தால் அவர்களிடம் மூன்று விஷயங்களை ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்: துறந்தவரின் பழைய பெயர், துறந்த ஆண்டு, எந்த ஊர் அலுவலகம். அவரைப் பெற்றவர்களின் பெயரும் தெரிந்தால் நான்கு. எழுதிய தாளை நோட்டுப் புத்தகத்துக்குள் சொருகாமல் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுக்கவேண்டும். மகள்களுக்கும்தான், அந்தச் சட்டம் அவர்களுக்குத் தந்த சம பங்கில் இதுவும் சேர்த்தி.