வாங்கும் விலையும் வைத்திருக்கும் விலையும்

மோட்டார் வண்டி வாங்கப் புறப்படுகிறவர் கேட்கும் முதல் வினா, "விலை என்ன?" என்பது. அடுத்த வினா, "லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்பது. இவ்விரண்டுக்கும் விடை கிடைத்தவுடன் கணக்கு முடிந்துவிட்டதாக நினைப்பவர்கள் மிகுதி. யானையை வாங்குவது ஒரு செலவு. அதைக் கட்டித் தீனி போடுவது வேறு செலவு. இந்த இரண்டாவது செலவைப் பற்றியே இன்று மாணவர்களாகிய உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் வருசநாடு, மூல வைகை பிறக்கும் மலைகளின் அடியில் இருக்கிறது. கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை வழியாகத் தேனிக்குப் போய் வருவது எங்கள் வாழ்க்கை. வெள்ளிமலை, அரசரடி போன்ற மேல்மலை ஊர்களுக்கு ஜீப்பே துணை. தென்னையும் இலவம்பஞ்சும் விற்ற பணத்தில் வண்டி வாங்கும் குடும்பங்கள் இன்று பெரும்பாலும் நாடுவது, ஜீப் போன்ற தோற்றமும் கார் போன்ற சொகுசும் உடைய சிறிய 'கிராஸ்ஓவர்' வண்டியை. ஒரு விளைச்சல் பொய்த்தால் அதன் தவணை கழுத்தை நெரிக்கும். ஆகவே, அந்த வண்டி எத்தகையது என்று முதலில் அறிதல் வேண்டும்.

பழைய ஜீப்பில் கனமான இரும்புச் சட்டம் ஒன்று அடியில் இருக்கும். உடற்கூடு அதன்மேல் தனியாகப் பொருத்தப்பட்டிருக்கும். கிராஸ்ஓவரில் அத்தகைய தனிச் சட்டம் இல்லை. காரைப் போலவே கூடும் தளமும் ஒன்றாக இணைந்தவை. தரையிலிருந்து உயரம் மட்டும் சற்று அதிகம். பெரும்பாலானவற்றில் முன்சக்கரங்களே வண்டியை இழுக்கின்றன. செங்குத்தான ஏற்றத்தில் பாரம் பின்பக்கம் சாயும். முன்சக்கரங்களின் பிடி தளரும். சரளைக் கல்லில் அவை வீணே சுழலும். உருவத்தில் ஜீப், உள்ளத்தில் கார் என்று இதனைச் சொல்லலாம்.

இவ்வகை வண்டிகள் நம் நாட்டில் பெருகியதற்கு வரிச் சட்டமும் ஒரு காரணம். 4 மீட்டருக்கு மேற்படாத நீளமும், பெட்ரோலாயின் 1,200 கன சென்டிமீட்டருக்கும் டீசலாயின் 1,500 கன சென்டிமீட்டருக்கும் மேற்படாத இயந்திரமும் கொண்ட கார்களுக்கு 2006ஆம் ஆண்டு மத்திய அரசு கலால் வரியைக் குறைத்தது. 2025 செப்டம்பரில் மாற்றப்பட்ட சரக்கு, சேவை வரியிலும் இவ்வகைக்கு 18 விழுக்காடும் பெரிய வண்டிகளுக்கு 40 விழுக்காடும் விதிக்கப்பட்டன.

இவ்வகையில் தமிழ்நாட்டு மண்ணிலேயே உருவான ஒரு வண்டியின் வரலாறு நல்ல பாடமாகும். சென்னைக்கு அருகிலுள்ள மறைமலைநகரில் ஃபோர்டு நிறுவனம் தயாரித்த 'ஈகோஸ்போர்ட்' 2013ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. 200 மில்லிமீட்டர் தரை இடைவெளி கொண்ட அவ்வண்டி, அமெரிக்காவரை ஏற்றுமதியாகிப் பெயர் பெற்றது. ஆயினும், பின்பக்கத் தாங்குகட்டையின் போல்ட்டுகளைச் சரிபார்ப்பதற்காக 2015இல் ஏறத்தாழ 16,400 வண்டிகளை நிறுவனமே திரும்ப அழைத்தது. அதன் ஒரு வகையில் இருந்த இரட்டைக் கிளட்ச் தானியங்கிக் கியர் உலகில் பல இடங்களில் குறைகூறலுக்கு உள்ளாயிற்று. அக்கியர் கொண்ட வண்டிகளைப் பற்றிய புகார்களைக் கையாண்ட முறைக்காக, 2018இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் ஃபோர்டின் அந்நாட்டுக் கிளைக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. இந்தியாவில் அந்தக் கியர் 2017இலேயே மாற்றப்பட்டுவிட்டது. பின்னர் 2021 செப்டம்பரில், இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. பழுதுபார்க்கும் பணியும் உதிரிப் பாகங்களும் தொடரும் என்று உறுதி கூறியபோதிலும், வண்டி வைத்திருந்தவர்களின் முதல் கவலை மறுவிற்பனை விலையைப் பற்றியதாகவே இருந்தது. நல்ல வண்டியாக இருந்தாலும், அதனைச் செய்தவர் அருகில் இருக்கிறாரா என்பதும் அதன் மதிப்பில் ஒரு பகுதி என்பது இதனால் விளங்கும்.

இனி, எந்த நிறுவனத்தின் வண்டியானாலும் மலைநாட்டில் எவ்வகைப் பழுதுகள் நேரும் என்று பார்ப்போம். குண்டும் குழியுமான சாலையில் முதலில் தேய்வன ரப்பர் புஷ்களும், ஷாக் அப்சார்பர்களும், சக்கர பேரிங்குகளும் ஆகும். 'லொட லொட' என்ற ஓசை அவற்றின் முறையீடு. அதைக் கேட்டும் கேளாமல் ஓட்டினால் டயர் ஒருபக்கமாகத் தேய்ந்து இரட்டைச் செலவாகும். ஏற்றத்தில் கிளட்சைப் பாதி அழுத்தியவாறே வண்டியை நிறுத்திவைப்பவர், கிளட்ச் தட்டைத் தீய்த்துவிடுகிறார். இறக்கத்தில் கியரைக் குறைத்து இயந்திரத்தின் தடையைப் பயன்படுத்தாமல் பிரேக்கையே நம்புபவர், அது சூடேறிச் செயலிழக்கும் அபாயத்தைத் தேடிக்கொள்கிறார்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த டீசல் வண்டிகளில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. நெடுந்தூரம் சீரான வேகத்தில் ஓடினால்தான் அதிலுள்ள கரி எரிந்து தூய்மையாகும். வீட்டிற்கும் தோட்டத்திற்குமாக நாள்தோறும் சிறிது தூரமே ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். வெள்ளத்தில் வண்டியை இறக்குவதும் கூடாது. காற்றுக்குழாய் வழியே நீர் புகுந்தால், நீர் காற்றைப் போல அமுங்காது என்பதை நீங்கள் பௌதிகத்தில் படித்திருக்கிறீர்கள்; இயந்திரத்தின் இணைப்புத் தண்டே வளைந்துவிடும். தனியே கூடுதல் காப்பு எடுக்காவிடில் சாதாரணக் காப்பீடு பெரும்பாலும் அந்த இழப்பை ஈடுசெய்வதில்லை.

இப்போது கரும்பலகைக் கணக்கு ஒன்று போடுவோம். தொகைகள் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்துக்கொண்டவை. வண்டியின் விலை 10 லட்சம் ரூபாய். பத்தாண்டு கழித்து 3 லட்சத்துக்கு விற்கிறோம். அப்படியானால் ஆண்டுதோறும் விலைத் தேய்வு 70,000 ரூபாய். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டினால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் வீதம் 800 லிட்டர். லிட்டர் 100 ரூபாயானால் 80,000 ரூபாய். காப்பீடு 20,000, பராமரிப்பு 12,000, டயருக்கு ஒதுக்குவது 7,000, பேட்டரி, பிரேக் முதலியவற்றுக்கு 6,000. மொத்தம் 1,95,000 ரூபாய். கிலோமீட்டருக்கு 16 ரூபாய் 25 காசு ஆகிறது. நாம் கணக்கில் கொள்ளும் எரிபொருளோ 6 ரூபாய் 67 காசுதான்! விலையில் 8 லட்சத்தை 9 விழுக்காடு வட்டிக்கு ஐந்தாண்டுத் தவணையில் கடனாகப் பெற்றால், வட்டி மட்டும் ஏறத்தாழ 1,96,000 ரூபாய். அதையும் பத்தாண்டுக்குப் பகிர்ந்து சேர்த்தால் கிலோமீட்டருக்குச் சற்றேறக்குறைய 18 ரூபாய்.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்தாலும் விலைத் தேய்வும், காப்பீடும், வட்டியும் குறைவதில்லை. ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்கு இம்மூன்றுமே கிலோமீட்டருக்கு 18 ரூபாய்க்கு மேல் வந்துவிடும், எரிபொருள் தனி. திண்ணையோரம் நிற்கும் வண்டியும் தின்றுகொண்டுதான் இருக்கிறது. எப்போதோ ஒருமுறை வெளியூர் போகும் குடும்பத்திற்கு வாடகை வண்டியே லாபம் என்பதை இக்கணக்கு காட்டும்.

என்னிடம் பயின்று இன்று பட்டறை நடத்தும் ஒருவர் சொல்வார்: "ஐயா, ஆயில் மாற்றக் காசில்லை என்று போனவர்கள், இயந்திரம் பிரிக்கக் காசோடு திரும்பி வருகிறார்கள்." அவர் சொல்வதில் கேலியை விடக் கவலையே மிகுதி.

ஆதலால் மாணவர்களே, நாளை உங்கள் வீட்டில் வண்டி வாங்கும் பேச்சு எழும்போது ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு அருகில் அமருங்கள். நாம் ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் போகிறோம்? எந்தச் சாலையில்? பழுதுபார்ப்பவரும் உதிரிப் பாகமும் தேனியிலேயே கிடைக்குமா? பழைய வண்டியாயின், நிறுவனம் திரும்ப அழைத்தபோது பழுது நீக்கப்பட்டதா? பதினைந்தாண்டுப் பதிவில் இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம்? இவற்றைக் கேட்டு எழுதுங்கள். பெரியவர்கள் வண்ணத்தையும் வடிவத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும் வேளையில், வீட்டின் வரவுக்குள் செலவை நிறுத்தும் கணக்கை நீங்கள் போட்டுக் காட்டினால், அது நீங்கள் படித்த படிப்பிற்கு ஒரு பயனாகும்; உங்கள் பெற்றோரின் உழைப்பிற்கு ஒரு காவலும் ஆகும்.