பொதுக்கிணறும் பொருள்களின் சோதனையும்

கம்பைநல்லூர்ப் பக்கம் அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் நிலம் இரண்டாகும். கிணறு பொதுவில் நிற்கும். இரண்டு பத்திரத்திலும் 'கிணறு உண்டு' என்று மட்டும் எழுதினால், ஊர் தெரியாதவர் இரண்டு கிணறு என்றே கணக்குப் போடுவார். கணினியின் நினைவகத்தில் உள்ள பொருள்களை (objects) பைட்டுகளாக எழுதிவைத்து, பிறகு மீட்டெடுக்கும் சீரியலைசேஷனிலும் இதே ஆபத்து உண்டு. அதைத் தவிர்க்கும் வழிக்கு ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். 1970களில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஆலன் கே, டான் இங்கால்ஸ், அடேல் கோல்ட்பர்க் முதலியோர் உருவாக்கிய ஸ்மால்டாக் மொழியில் எண்ணும் ஜன்னலும்கூடப் பொருள்கள்தான். நம் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் வரும் ஸ்கிராட்ச் நிரல்மொழியின் முதல் பதிப்புகள், ஸ்மால்டாக்கின் ஒரு வடிவமான ஸ்குவீக்கில் எழுதப்பட்டவை. அந்தப் பதிப்புகள் சேமித்த கோப்புகளில் பொருளுக்கு ஒரு வரிசை எண் உண்டு. திரையில் நகரும் உருவங்களான ஸ்பிரைட்டுகள் இரண்டு ஒரே படத்தைச் சுட்டினால் படம் ஒருமுறைதான் எழுதப்படும். சுட்டும் இடங்களில் எண் மட்டும் இருக்கும்.

சீரியலைசேஷன் சரியா என்று சோதிக்க, பொருளை எழுதி, படித்து, மூலத்தோடு ஒப்பிடுகிறோம். மதிப்பெல்லாம் சரியாக இருந்தும் சோதனை தோற்கலாம். ஸ்மால்டாக்கில் '=' சமமா என்று கேட்கும்; '==' அதே பொருள்தானா என்று கேட்கும். வகுப்பு தனக்கென்று '=' எழுதிக்கொள்ளாவிட்டால் இரண்டும் ஒன்றுதான். மீண்டு வந்தது புதுப் பொருள் என்பதால் விடை 'இல்லை' என்றே வரும். இங்கே பிழை எழுதும் நிரலில் இல்லை, கேட்ட கேள்வியில் இருக்கிறது. '=' எழுதினால், அதற்கு இசைய, சமமான பொருள்களுக்கு ஒரே எண் தரும் ஹேஷும் (hash) எழுத வேண்டும்.

அதோடு முடிந்தது என்பார்கள் சிலர். முடியவில்லை. மதிப்பை மட்டும் ஒப்பிடும் சோதனை, ஒரு படம் இரண்டு நகலாக மீண்டிருந்தாலும் தேறிவிடும். பிறகு ஒன்றைத் திருத்தினால் மற்றது பழையபடியே நிற்கும். ஜேசன் (JSON) வடிவில் எழுதினால் போதாதா என்றால், ஒரே பொருளை இரு இடத்தில் சுட்ட ஜேசனுக்கென்று வழி கிடையாது. ஸ்மால்டாக்கர்கள் பயன்படுத்தும் ஸ்டோன் வடிவம் அதற்காகவே '@' குறியோடு எண்ணை எழுதுகிறது. ஆகவே தோற்ற சோதனையைத் தளர்த்தி, தேறியதாகப் பச்சை காட்ட வைக்கக் கூடாது. ஸ்மால்டாக்கின் பிழைதிருத்தி தோற்ற இடத்திலேயே நின்று திறக்கும். பொருள்கள் அப்படியே கையில் இருக்கும். பொருளைக் குறைத்துக்கொண்டே போய், தோற்கும் மிகச் சிறிய உருவத்தைப் பிடித்து, உறவைச் சோதிக்க வேண்டும். அண்ணன் காட்டில் மோட்டார் போட்டால் தம்பி காட்டிலும் நீர்மட்டம் இறங்குகிறதா? இறங்கினால்தான் அது ஒரே கிணறு.