வாலாஜாபாத் ஜல்லிக்கு வயசு 250 கோடி ஆண்டு! கண்டுபிடிப்பது எப்படி?

வாலாஜாபாத் ரோட்டில் நின்றால் ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிகள் வரிசையாகப் போகும். கண்ணில் தூசி விழும். லாரியில் போகிற சரக்கு எவ்வளவு பழசு தெரியுமா?

காஞ்சீபுரம், செங்கல்பட்டு வட்டாரக் குன்றுகளில் பெரும்பாலும் இருப்பது 'சார்னோக்கைட்' என்ற கருங்கல். வயது சுமார் 250 கோடி ஆண்டு. டைனோசர் அழிந்தே ஆறரைக் கோடி ஆண்டுதான் ஆகிறது!

கல்லறை தந்த பெயர்

கிழக்கிந்திய கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறை கொல்கத்தாவில் உள்ளது. அதில் பதித்த கல் சென்னைப் பக்கம் இருந்து போனது. 1893-ல் தாமஸ் ஹாலந்து என்ற நிபுணர் அதை ஆராய்ந்து, பரங்கிமலை, பல்லாவரம் கல்லும் இதுவும் ஒரே வகை என்று கண்டார். செத்தவர் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார்.

காரீயக் கணக்கு

சரி, கல்லுக்கு ஏது பிறப்பு சான்றிதழ்? இருக்கிறது. கல்லைப் பொடியாக்கி சலித்தால் 'சிர்கான்' என்ற மணிகள் கிடைக்கும். உப்புத் தூளை விடச் சின்னது. மைக்ராஸ்கோப்பில் பார்த்து ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும்.

இந்த மணி உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், காரீயத்தை விடாது. பூட்டிய உண்டியல் மாதிரி. உள்ளே போன யுரேனியம் மெதுவாகக் காரீயமாக மாறும். ஒரு வகை யுரேனியத்தில் பாதி மாறவே 447 கோடி ஆண்டு ஆகும். ஆக, மணிக்குள் இன்று இருக்கும் காரீயம் அங்கேயே பிறந்தது. இரண்டையும் அளந்தால் வயது தெரிந்துவிடும்.

சில மணிகளில் நடுப்பகுதிக்கு ஒரு வயது, ஓரத்துக்கு ஒரு வயது! முதலில் பிறந்த கல், பிறகு பூமிக்கடியில் மறுபடி வெந்திருக்கிறது என்று அர்த்தம்.

துண்டு துண்டாக வளர்ந்த நிலம்

சார்னோக்கைட் சாதாரண இடத்தில் உருவாகாது. 20 கிலோமீட்டருக்கும் கீழே, சுமார் 800 டிகிரி சூட்டில் வேக வேண்டும். அது இன்று நம் காலடியில் கிடக்கிறது என்றால், மேலே இருந்த அத்தனை பாறையும் மழையிலும் ஆற்றிலும் கரைந்து போயிருக்கிறது.

நம்ம ஊர்க்காரர்கள் பலர் வேலை பார்த்த கோலார் தங்கவயல் (2001-ல் மூடப்பட்டது) இன்னும் மூத்தது. அங்கே தங்கம் இருந்தது எரிமலைக் குழம்பு உறைந்த பாறையில். அதன் வயது சுமார் 270 கோடி. கர்நாடகத்தின் மேற்குப் பகுதியில் 330 கோடி ஆண்டுப் பாறையும் உண்டு. தென்னிந்தியா ஒரே நாளில் முளைக்கவில்லை, துண்டு துண்டாகச் சேர்ந்தது என்று சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

பரங்கிமலையில் உள்ள சார்னோக்கைட்டை இந்திய புவியியல் ஆய்வுத் துறை தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்துள்ளது. வாலாஜாபாத் பக்கம் அதே கல் முக்கால் இஞ்ச் ஜல்லியாக லாரி ஏறுகிறது.