காற்றில் போகும் லேசருக்கு மழையைவிட மூடுபனிதான் பிரச்சினை

இன்னைக்கு ஒரு ஆற்றங்கரையில் இருந்து ஆரம்பிக்கலாம்.

காங்கோ ஆற்றின் ஒரு கரையில் பிரஸாவில், எதிர்க்கரையில் கின்ஷாசா. ஃபைபர் கேபிள் ஆற்றைச் சுற்றிப் போகணும்னா 400 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். 2021-ல் ஆல்ஃபபெட்டின் தாரா குழு, 4.8 கிலோமீட்டரை லேசர் ஒளியாலேயே தாண்டினாங்க. 20 நாளில் கிட்டத்தட்ட 700 டெராபைட் தரவு போனது. 99.9 சதவீத நேரம் இணைப்பு இருந்தது.

'மழை பெய்தா என்ன ஆகும்?' இதுதான் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி. மழை ஓரளவுதான் பாதிக்கும். மூடுபனிதான் ஆளையே சாய்க்கும். ராத்திரி பஸ்ஸில் போனவங்களுக்குத் தெரியும்: மழையிலும் தூரத்து விளக்கு தெரியும், மூடுபனியில் தெரியாது. அதே அளவு தண்ணீரை மிக நுண்ணிய துளிகளாக உடைத்தால், ஒளியை மறிக்கிற மொத்தப் பரப்பு பல மடங்கு கூடும்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். கனமழையில் இழப்பு ஒரு கிலோமீட்டருக்கு 10 டெசிபெல் அளவில் இருக்கும். அதாவது பத்தில் ஒரு பங்கு ஒளி மிஞ்சும். அடர்ந்த மூடுபனியில் அது 100 டெசிபெல்லைத் தொடலாம். அப்போ மிஞ்சுவது ஆயிரம் கோடியில் ஒரு பங்குதான். சரி, லேசரின் சக்தியை 10 மடங்கு கூட்டினா? கூடுதலா கிடைக்கிறது வெறும் 100 மீட்டர்!

வானம் தெளிவா இருந்தாலும் இன்னொரு தொல்லை இருக்கு: வெயில். சூடான தார் ரோட்டுக்கு மேல் காற்று நெளியுமே, அதேதான். சூடும் குளிர்ச்சியும் கலந்த காற்று குட்டி லென்ஸ்கள் மாதிரி ஒளியை வளைக்கும். நட்சத்திரம் மின்னுவதும் இதனால்தான். கதிர் இலக்கை விட்டு விலகும், வெளிச்சம் ஏறி இறங்கும். ஆனா இதற்குப் பொறியியலில் வழி இருக்கு. கண்ணாடிகளை நொடிக்குப் பல முறை திருப்பிக் கதிரைக் குறியில் வைக்கலாம். வாங்கும் லென்ஸைப் பெரிதாக்கினால் ஏற்ற இறக்கம் சராசரியாகிவிடும்.

அடர்ந்த மூடுபனிக்கு இருக்கிற வழி, தூரத்தைக் குறைப்பது, இல்லைன்னா ரேடியோவைத் துணைக்கு வைப்பது. மில்லிமீட்டர் அலை ரேடியோவுக்கு மழைதான் ஆகாது, மூடுபனி பெரிய விஷயமில்லை. அதனால இரண்டும் நல்ல ஜோடி.

இப்போ அந்த 99.9-க்கு வருவோம். 20 நாளில் அது சுமார் 29 நிமிட இடைவெளி. ஆனா அது அந்த ஆற்றின் மேல், அந்த 20 நாள் இருந்த காற்றுக்கான எண். அதே கருவியை மூடுபனி அதிகமுள்ள ஊரில் வைத்தால் எண் மாறும். எங்கேயாவது இப்படி ஒரு இணைப்பு போடணும்னா, வேகத்தைக் கேட்பதற்கு முன்னாடி பக்கத்து விமான நிலையத்தின் பல வருஷப் பார்வைத்தூரப் பதிவை எடுத்துப் பாருங்க.