கூட்டில் தங்கிய நோய்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசியில் துணி உலர்வதில்லை. ஆரியங்காவுக் கணவாய் வழியே புகும் தென்மேற்குக் காற்று, வெயில் காய்ந்த மறுநிமிடமே பொடித் தூறலைக் கொண்டுவந்து தெளிக்கும். இரண்டு நாள் கொடியில் கிடந்த வேட்டியிலும் ஈரவாடை நீங்காது. இதனை நான் நெடுங்காலம் ஒரு சுகமாகவே எண்ணியிருந்தேன். இதற்கு மற்றொரு முகமும் உண்டு என்பதை எனக்கு ஒரு முயற்கூடு கற்பித்தது.

எங்கள் வீட்டுச் சிறுவன் வளர்த்த வெள்ளை முயல் ஓர் ஆடி மாதத்தில் இறந்தது. கழிச்சல் கண்டது, வயிறு உப்பிற்று, மூன்றாம் நாள் மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. அவன் அழுகையைக் காணப் பொறாமல் நான்கு நாட்களுக்குள் வேறொரு குட்டியை வாங்கி வந்தேன். கூட்டைக் கழுவாமல் விட்டேன் என்று எண்ணிவிட வேண்டா. ஒரு புட்டிப் பினாயிலை ஏறத்தாழ முழுவதும் ஊற்றித் தேய்த்தேன். தெருமுனை வரை மணந்தது. பன்னிரண்டாம் நாள் அக்குட்டிக்கும் கழிச்சல் கண்டது.

கால்நடை மருத்துவர் அதன் புழுக்கையில் சிறிதளவைக் கரைத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். முட்டை வடிவில், தெளிவான இரட்டைக் கோட்டு விளிம்புடன் எத்தனையோ உருக்கள் தெரிந்தன. “இவை காக்சிடியா, ஐயா. முதல் முயல் கூட்டில் விட்டுச் சென்றவை. தங்கள் பினாயில் இவற்றைத் தொட்டிருக்காது” என்றார். எனக்கு நாணமாக இருந்தது. மணத்தையே தூய்மை என்று மயங்கியவன் நான்.

இவ்வுருக்கள் மனிதன் கண்ணில் பட்டது அண்மையில் அன்று. 1674ஆம் ஆண்டில் ஆலந்து நாட்டு லேவன்ஹூக், தாமே தேய்த்துச் செய்த வில்லையைக் கொண்டு ஒரு முயலின் பித்தநீரை ஆராய்ந்தபோது கண்ட முட்டை வடிவங்கள் இவ்வினத்தைச் சேர்ந்தவையே என்று அறிஞர்கள் கருதுகின்றனர். மெய்யாக இவை முட்டைகள் அல்ல. ஓர் ஒற்றைச் செல் ஒட்டுண்ணியின் உறைகள். வசதிக்காக நாம் முட்டை என்றே சொல்லிக்கொள்வோம்.

இந்த முட்டைகள் முயலின் உடலைவிட்டு வெளிவரும்போது முற்றாதவை. அந்நிலையில் தின்றாலும் நோய் தருவதில்லை. முயல் தன் மென்புழுக்கையைத் தானே உண்ணும் வழக்கமுடையது என்பதை நீங்கள் அறிந்திருக்கலாம். அருவருக்க வேண்டா, அதன் செரிமானம் அவ்வாறு அமைந்தது. அப்பழக்கத்தால் இந்நோய் வளர்வதில்லை. ஏனெனில் அப்போது முட்டை முற்றியிராது. ஈரம், இளஞ்சூடு, காற்று ஆகிய மூன்றும் கிடைத்தால் ஓரிரு நாட்களிலோ சில நாட்களிலோ அது முற்றிவிடும். அதன்பின் தீவனத்தோடு உள்ளே சென்றால் குடற்சுவரைத் துளைத்துப் பல்கும். சாரற்காலத்தில் தென்காசியில் ஒரு மரக்கூட்டின் அடிப்பலகை எத்தகைய நாற்றங்கால் என்பதை இனி நான் விளக்க வேண்டியதில்லை.

அதன் ஓட்டின் உறுதிக்கு ஒரு சான்று கூறுகிறேன். ஆராய்ச்சிக்கூடங்களில் இம்முட்டைகளைச் சேமித்து வைப்பது பொட்டாசியம் டைகுரோமேட் என்னும் கடுநஞ்சின் கரைசலில். உடனிருக்கும் பாக்டீரியாக்கள் மடிகின்றன. முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடிருக்கின்றன. அவற்றின் மேலுள்ள அழுக்கைப் போக்கவோ, நாம் கிருமிநாசினியென்று நம்பும் ஹைபோகுளோரைட் கரைசலிலேயே கழுவுகிறார்கள்!

ஆகவே கூட்டைச் சுத்திகரிக்கப் புகுமுன், “எந்த நோய்?” என்று கேட்டறிதல் வேண்டும். கோழிகளைக் கொள்ளையாக வாரிச் செல்லும் வெள்ளைக் கழிச்சலின் வைரஸுக்குக் கொழுப்பாலான மேலுறை உண்டு. சோப்பு அதனைக் கரைத்துவிடும். 2020ஆம் ஆண்டில் கொரோனாவுக்கு அஞ்சி நாமனைவரும் கைகழுவியது இதே காரணம் பற்றித்தான். நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸுக்கு அவ்வுறை இல்லை, சோப்பு மட்டும் அதற்குப் போதாது, குளோரின் வேண்டும். காக்சிடியாவுக்கோ குளோரினும் பயன்படாது.

எந்த நோயாயினும் முதற்செயல் ஒன்றே. அழுக்கை அகற்ற வேண்டும். பலகையில் ஒட்டிய எச்சத்தின் மேல் மருந்தை ஊற்றினால், மருந்து அந்த எச்சத்தோடேயே போரிட்டு வலுவிழக்கும். முயலின் சிறுநீரில் சுண்ணாம்புச் சத்து மிகுதி; அது காய்ந்து வெள்ளைப் பாறைபோல் படியும். பித்தளைப் பாத்திரத்துக்குப் புளி தேய்ப்பதுபோல் இதற்கும் புளிக்கரைசலோ வினிகரோ இட்டு ஊறவைத்துச் சுரண்டலாம். பின்னர் நன்றாக நீர்விட்டு அலசிவிட வேண்டும். புளிப்புப்பொருளோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சிறுநீர் ஊறிய கூட்டில் நேரே பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றினாலும் அங்குள்ள அம்மோனியாவோடு கூடி மூச்சடைக்கும் புகை எழும்.

குளோரினுக்கு அஞ்சும் கிருமியாயின், கழுவியபின், லிட்டர் நீருக்குப் பதினைந்து கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து, தெளிந்த நீரைப் பூசிப் பத்து நிமிடம் ஈரமாகவே வைத்திருந்து அலசலாம். அன்று கரைத்ததை அன்றே பயன்படுத்துக. ஈரக்காற்றில் திறந்து கிடந்த பொட்டலத்தில் வீரியம் இராது. குற்றாலத்தார் இதனைச் சிறப்பாக நினைவில் வைக்க வேண்டும்.

பறவை வளர்ப்போருக்கு ஒரு சொல். லவ்பேர்ட்ஸ் கூட்டை உலர்ந்த நிலையில் துடைப்பத்தால் தட்டலாகாது. கிளிக்காய்ச்சல் என்னும் நோயின் கிருமி காய்ந்த எச்சத்தூளோடு மூச்சில் புகும். 1929, 1930ஆம் ஆண்டுகளில் அர்ஜென்டீனாவிலிருந்து ஏற்றுமதியான கிளிகள் வாயிலாக இது பல நாடுகளில் பரவி மக்களை மாய்த்தது. நீர் தெளித்து நனைத்து, மூக்கை மூடிக்கொண்டே சுரண்டுக. நம் பச்சைக்கிளியைக் கூட்டில் அடைப்பதே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதும் இங்கே சொல்லத்தக்கது.

மீண்டும் என் கூட்டுக்கு வருகிறேன். காக்சிடியாவைக் கொல்வன வெப்பமும் வறட்சியும். வன்மையான அம்மோனியாக் கரைசலும் கொல்லும். ஆனால் வீட்டில் கையாளத்தக்கதன்று. மருத்துவர் இரண்டாம் குட்டிக்கு மருந்து தந்து, அதனை அட்டைப்பெட்டியில் தனியே வைத்து, பெட்டியை நாள்தோறும் மாற்றிப் பழையதை எரித்துவிடச் சொன்னார். கூட்டின் அடிப்பலகையைச் சிறுவன் கண்முன்னேயே வெந்நீர் அடுப்பில் இட்டேன். பலகையின் பிளவுகளில் வெந்நீர் இறங்குமுன் ஆறிவிடும். அதனோடு போராடுவது வீண். இரும்புச் சட்டத்தையும் கம்பிவலையையும் தேய்த்துக் கழுவி, கொதிநீரை மும்முறை வார்த்து, பின்னர் ஒரு வெல்டிங் பட்டறையில் தீச்சுடர் காட்டினோம். துத்தநாகம் பூசிய வலையைச் சுடும்போது எழும் புகையை முகரலாகாது. திறந்த வெளியில், பெரியவர்களே செய்யத்தக்க வேலை இது.

வெயிலுக்கு என்ன செய்வது? மேற்கே மலை முழுதும் மேகம். தென்காசியில் மூன்று நாள் காத்திருந்தும் ஒரு மணி நேரம் தொடர்ந்து வெயில் விழவில்லை. இறுதியில் கூட்டைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றிக் கிழக்கே பாவூர்சத்திரத்தைத் தாண்டி ஆலங்குளத்து உறவினர் வீட்டு மொட்டை மாடிக்குக் கொண்டுபோனேன். சாரல் அவ்வளவு தூரம் எட்டுவதில்லை. “குற்றாலத்துக்கு நாங்கள் வருவோம், நீங்கள் வெயில் தேடி இங்கே வருகிறீர்களா, அத்தான்?” என்று அவர்கள் நகைத்தார்கள். ஒரு வாரம் அக்கூடு அங்கே சுட்டெரிக்கும் தரையில் கிடந்தது.

குட்டி பிழைத்தது. அடிப்பலகைக்கு மாறாக இப்போது வலைத்தளமும், அதன் கீழே இழுக்கத்தக்க தகரத் தட்டும் உண்டு. பாதம் புண்ணாகாமல் இருக்க ஒரு மூலையில் சிறு பலகைத் துண்டு மட்டும் இட்டிருக்கிறோம். முட்டைகள் முற்றுவதற்கு முன்பே தட்டைக் காலிசெய்ய வேண்டும் என்பதனால், சிறுவன் நாள்தோறும் பள்ளிக்குப் புறப்படுமுன் அதனை இழுத்துக் கொட்டிக் கழுவுகிறான். பலகைத் துண்டுகள் இரண்டு வைத்திருக்கிறான். ஒன்று கூட்டில் இருக்கையில் மற்றொன்று அடுப்பங்கரையில் காய்ந்துகொண்டிருக்கும்.