ராமானுஜத்தின் மசிக்கோடுகளும் நமது வாசிப்பும்

கே. ராமானுஜத்தின் மசி ஓவியம் ஒன்றின் அச்சுப்படத்தை டி. கல்லுப்பட்டி டீக்கடையில் தோழர் ஒருவரிடம் காட்டினேன். "கனவுல வரைஞ்ச மாதிரி இருக்கே தோழர், சர்ரியலிசமா?" என்றார். ஆமாம் போட்டிருக்கலாம்தான்.

ஆனால் சர்ரியலிஸ்டுகள் தாளில் செய்து பார்த்தது வேறு. ஜெர்மானியரான மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1925இல் மரத்தரைமேல் தாளை விரித்துத் தேய்த்தார். மரத்தின் ரேகையிலிருந்து உருவங்கள் எழுந்தன. மோனோடைப்பும் கிட்டத்தட்ட இப்படித்தான். தகட்டிலோ கண்ணாடியிலோ மையைப் பூசித் தாளை ஒற்றியெடுத்தால் ஒரே ஒரு பிரதி. மறுபடி ஒற்றினால் மங்கலான நிழல்தான். கை பாதி, தற்செயல் பாதி.

ராமானுஜத்திடம் தற்செயலுக்கு இடமே இல்லை. கோட்டின்மேல் கோடாகத் தாளை அடைத்துக்கொண்டே போகிறார்: மாடமாளிகைகள், பாம்புகள், பறக்கும் உருவங்கள், நடுவே தொப்பியுடன் அவரே. சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்று, பணிக்கர் 1966இல் உருவாக்கிய சோழமண்டலத்தில் வாழ்ந்தவர். 1973இல் தற்கொலை செய்துகொண்டார். அதன்பிறகு ஒவ்வொரு கோட்டிலும் மனநோயைத் தேடுவது நமக்குச் சுலபமாகிவிட்டது. நானும் தேடியிருக்கிறேன்.

இவ்வாசிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1937இல் மூனிச்சில் நாஜிகள் தொடங்கிய 'சீரழிந்த கலை' கண்காட்சியின் வழிகாட்டி நூல், நவீன ஓவியங்களை மனநோயாளிகளின் படைப்புகளுக்குப் பக்கத்தில் வைத்துக் கேலி செய்தது. இருசாராரையும் ஒரே வீச்சில் ஒழித்துக்கட்டும் ஏற்பாடு அது. மனநோயாளிகளை 1940 முதல் விஷவாயுவில் கொன்றார்கள்.

இதையெல்லாம் சொன்னதும் தோழர், "அப்ப இதை என்னன்னு சொல்றது?" என்றார். மசி ஓவியம் என்றுதான் சொல்ல முடிந்தது.