குச்சிக்கிழங்குத் தழை: கோடைத் தீவனமாக்கும் வழி

சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளி (குச்சிக்கிழங்கு) பிடுங்கினால் கிழங்கு ஜவ்வரிசி ஆலைக்குப் போகும், குச்சி அடுத்த நடவுக்கு நிற்கும். தழைதான் காட்டிலேயே கிடந்து சருகாகிறது. அதன் காய்ந்த எடையில் ஏறத்தாழ 20 சதவீதம் புரதம். சோளத்தட்டில் அதில் பாதிகூடக் கிடையாது.

"அதைத் தின்றால் ஆடு செத்துப்போகுமே?" என்பீர்கள். உண்மைதான். பச்சைத் தழையில், அதுவும் இளந்தளிரில், சயனைடு (மூச்சை முடக்கும் நஞ்சு) உண்டாக்கும் பொருள் இருக்கிறது. தழையை நறுக்கி, வாடவிட்டு, காற்றுப் புகாமல் புளிக்கவைத்தால் நஞ்சின் பெரும்பகுதி போய்விடும். இப்படிப் பதப்படுத்திய தீவனத்துக்குத்தான் சைலேஜ் (ஊறுகாய்ப் புல்) என்று பெயர்.

எப்படிச் செய்வது? முற்றிய தண்டை நீக்கி, தழையை விரலளவுக்கும் குறைவாக நறுக்குங்கள். நிழலில் ஒரு நாள் பரப்புங்கள். அந்த நேரத்தில் ஆடுகளைக் கட்டிப்போடுங்கள். அரைவாடல் தழையும் ஆபத்துதான். ஒரு கைப்பிடி எடுத்து இறுகப் பிழிந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. அதுதான் பக்குவம்.

100 கிலோ தழைக்கு 3 கிலோ மொலாசஸும் (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) அரைக் கிலோ உப்பும் கலக்குங்கள். மொலாசஸ் கிடைக்காவிட்டால் மட்ட ரக வெல்லத்தைக் கரைத்து ஊற்றலாம். இனிப்பு எதற்கு? புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு அதுதான் இரை.

குழி வெட்ட வேண்டுமா? ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவருக்குத் தேவையில்லை. கெட்டியான பிளாஸ்டிக் பையோ, மூடியுள்ள டிரம்மோ போதும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் ஏறி மிதியுங்கள். பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான். உள்ளே காற்று நின்றால் பூஞ்சை பிடிக்கும். வாயை இறுகக் கட்டி, எலி கடிக்காத இடத்தில் வையுங்கள்.

45 நாள் கழித்துத் திறக்கலாம். மஞ்சள் கலந்த பச்சை நிறமும் இனிப்புப் புளிப்பு வாசனையும் இருந்தால் நன்றாக வந்திருக்கிறது என்று பொருள். அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துச் சற்று ஆறப்போடுங்கள். பையை உடனே கட்டிவிடுங்கள்.

எவ்வளவு போடலாம்? முதல் வாரம் மாட்டுக்கு ஒரு கிலோ, ஆட்டுக்கு ஒரு பிடி. பிறகு மெல்லக் கூட்டலாம். வைக்கோல், புல்லோடு கலந்தே கொடுங்கள். இதையே முழுத் தீவனமாக்க வேண்டாம். கறவை மாட்டுக்குப் பால் கறந்த பிறகு வையுங்கள், பாலில் வாடை ஏறாது.

தின்ற கால்நடை மூச்சு வாங்கினாலோ தள்ளாடினாலோ கைவைத்தியத்தில் நேரம் போக்காதீர்கள். சயனைடுக்கு முறிவு ஊசி உண்டு. கால்நடை மருத்துவரை உடனே கூப்பிடுங்கள். பையைத் திறக்கும்போது தீவனம் கறுத்து, கொழகொழவென்று நாறினால் அதை எருக்குழியில் கொட்டிவிடுங்கள்.